குடில் பனி கஞ்சியாகிவிட்டதா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

டிசம்பர் 15 தாண்டினால் என் போனுக்கு ஓய்வே கிடையாது. "அண்ணே, ஸ்நோ பவுடர் கஞ்சி மாதிரி ஆயிட்டு." "அண்ணே, பனி உருண்டையைத் தூக்குனா உதிருது." "அண்ணே, பனியில எறும்பு மொய்க்கு." தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோயில் இளைஞர்களோடு சேர்ந்து பதினேழு வருடமாகக் கிறிஸ்துமஸ் குடில், அதாவது இயேசு பிறந்த தொழுவத்தின் மாதிரி, கட்டுகிறேன். பள்ளிக்கூட மேடை, தெருக்குடில், வீட்டுக்குடில் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயிருக்கிறேன். கேட்கிற கேள்வி என்னவோ அதே பத்துப் பன்னிரண்டுதான். அவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

"பெத்லகேம்ல ஏதுய்யா பனி?" என்று வருடா வருடம் ஒரு பெரியவர் குடில் முன்னால் நின்று கேட்பார். பெத்லகேம் கடல் மட்டத்துக்கு மேல் 750 மீட்டருக்கும் உயரமான மலை ஊர். சில குளிர்காலங்களில் அங்கே பனி விழத்தான் செய்கிறது. 2013 டிசம்பரில் பக்கத்து எருசலேம் முழுக்க வெள்ளையாகிக் கிடந்தது. ஆகையால் அந்த வழக்கு தள்ளுபடி.

நமக்கு இருக்கும் சிக்கல் ஈரம். வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாத மாதம், போதாததற்குக் கடல் காற்று. இதில் 24ஆம் தேதி ராத்திரியிலிருந்து ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை பனி பனியாகவே இருக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் அளவுகள் ஹீட்டர் போட்டுக் காய்ந்து கிடக்கும் அறைக்குச் சரிவரும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கோளாறில்தான் முடியும்.

## முதலில்: உங்களிடம் இருப்பது எந்தப் பனி?

யாரோ வாங்கி வைத்த பை, லேபிள் இல்லை, வெள்ளையாக இருக்கிறது. இப்படித்தான் பெரும்பாலும் கையில் கிடைக்கும். ஒரு டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உப்பிப் பெரிதானால் அது ஸ்நோ பவுடர், அதாவது சோடியம் பாலிஅக்ரிலேட். உப்பவில்லை, வினிகர் பட்டதும் பொங்குகிறது என்றால் சமையல் சோடா. இரண்டும் இல்லாமல் கரைந்து, விரலில் தொட்டு நாக்கில் வைக்காமலே உப்பு என்று தெரிந்தால் உப்பு. (நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம்.)

பஞ்சாக இருந்தால் ஒரு துணுக்கைத் தண்ணீரில் விடுங்கள். உடனே நனைந்து மூழ்கினால் மருந்துக்கடைப் பஞ்சு. மிதந்தால் ஃபைபர் பஞ்சாகவோ இலவம் பஞ்சாகவோ இருக்கும். இலவம் பஞ்சில் லேசான மஞ்சளும் ஒரு பட்டு மினுக்கும் இருக்கும், ஊதினால் பறக்கும். ஃபைபர் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை.

## ஸ்நோ பவுடர் உப்பாமல் கஞ்சியாகிறது

எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இதுதான். மலிவான காரணத்திலிருந்து தொடங்குவோம்.

தண்ணீர் கூடிவிட்டதா? பெரும்பாலும் ஆமாம். ஒரு வாளித் தண்ணீரில் பவுடரைக் கொட்டிக் கலக்குகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். அகலமான தாம்பாளத்தில் பவுடரைப் பரப்பி, அதன் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒரு தேக்கரண்டி பவுடருக்கு 60 மில்லி தண்ணீர் என்று தொடங்குங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். விரலால் கிளறினால் புட்டு மாவு மாதிரி உதிரி உதிரியாக வர வேண்டும். மணல் மாதிரி நறநறத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஒட்டிக்கொண்டு பளபளத்தால் தண்ணீர் கூடிவிட்டது. அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேலே அரைத் தேக்கரண்டி உலர்ந்த பவுடரைத் தூவிப் புரட்டினால் அதிகத் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும்.

அளவு சரி, ஆனாலும் உப்பவில்லையா? தண்ணீரைச் சோதியுங்கள். போர் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் இந்தப் பவுடர் பாதிகூட உப்பாது. தண்ணீரில் இருக்கும் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் அதன் வாயைக் கட்டிவிடும். எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு டம்ளரில் ஒரே அளவு பவுடர் போடுங்கள். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. கேன் தண்ணீர். கேன் தண்ணீர் டம்ளரில் மட்டும் பனி நிரம்பி வழிந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. கேன் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம் என்றால், டிசம்பரில் மொட்டை மாடியில் ஒரு பாத்திரத்தை வைத்தால் போதும். மழைத் தண்ணீர் இதற்கு முதல்தரம். ஓட்டில் வழிந்ததைப் பிடிக்காதீர்கள், நேராக விழுந்ததைப் பிடியுங்கள்.

கேன் தண்ணீரிலும் அப்படியேதானா? பொட்டலத்துக்குள் கட்டி தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாய் திறந்து கிடந்த பொட்டலம் காற்றில் இருக்கும் ஈரத்தையே குடித்துவிடும். தட்டில் பரப்பி, காற்றடிக்காத இடமாகப் பார்த்து வெயிலில் ஒரு பகல் காயவிட்டால் மீண்டும் வேலை செய்யும். காற்றடிக்கும் மாடியில் காயவைத்தால் பக்கத்து வீட்டுத் தொட்டியில் போய்ப் பனி பெய்யும்.

உலர்த்தியும் வழவழ ஜெல்லிதான் வருகிறதா? பவுடரே வேறு. செடித் தொட்டிக்குப் போடும் ஜெல்லிக் குருணையும், குழந்தைகளின் டயப்பரைக் கிழித்து எடுக்கும் பவுடரும் இதே குடும்பம்தான். தண்ணீரை நன்றாகக் குடிக்கும். ஆனால் உதிரியாக நிற்காமல் ஜவ்வரிசிக் கூழ் மாதிரி ஆகிவிடும். டயப்பர் வித்தையை வீடியோவில் பார்த்து மூன்று டயப்பரைக் கிழித்த ஒரு தம்பி எனக்குத் தெரியும். அரை வாளிக் கூழ் கிடைத்தது, பனி கிடைக்கவில்லை. இதற்கு வைத்தியம் கிடையாது, வேறு பவுடர்தான் வாங்க வேண்டும். கடையில் வாங்கும்போதே அரைத் தேக்கரண்டி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

## நன்றாக இருந்த பனி மறுநாள் சுருங்கியோ தண்ணீராகியோ கிடக்கிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு. தொட்டுப் பாருங்கள்.

காய்ந்து மணலாக இருக்கிறது: விளக்குச் சூடும் மின்விசிறியும் தண்ணீரை இழுத்துவிட்டன. தெளிப்பான் பாட்டிலில் நல்ல தண்ணீர் எடுத்துப் புகையாகத் தெளியுங்கள், பத்து நிமிடத்தில் பழையபடி எழுந்துவிடும். தினமும் காலையில் ஒரு தடவை இதைச் செய்ய ஆள் போட்டுவிடுங்கள். எங்கள் குடிலில் இந்த வேலை ஆறாம் வகுப்புப் பையன்களுக்கு. அவர்களுக்குள் முறை வைத்துச் சண்டையே நடக்கும்.

தண்ணீராக ஓடுகிறது: எங்கேயோ உப்பு பட்டிருக்கிறது. வேறு காரணம் தேட வேண்டாம். ஒரு வருடம் குடிலில் கோணிச் சாக்கால் செய்த மலையில் உறைபனி மினுக்கட்டும் என்று கல் உப்பைப் பசை தடவித் தூவியிருந்தோம். மலையடிவாரத்தில் ஸ்நோ பவுடர் பனி. அன்று ராத்திரி நல்ல மழை. மழைக் காற்றில் கல் உப்பு வியர்த்து, சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் பனி இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு குளம். அதற்குள் சூசையப்பர் (இயேசுவின் வளர்ப்புத் தந்தை) சொரூபம் கணுக்கால் வரை நிற்கிறது. சொரூபம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அடி ஊறி வண்ணம் உரிந்துவிட்டது. பனி ஐம்பது ரூபாய், சொரூபத்துக்குப் பெயிண்ட் அடித்தது ஐந்நூறு.

அதிலிருந்து எனக்கு இரண்டு விதி. உப்பும் ஸ்நோ பவுடரும் ஒரே குடிலில் கூடாது. சொரூபத்துக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளோ டைல்ஸ் துண்டோ வைக்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய தெருக்குடில் என்றால் ஸ்நோ பவுடரையே விட்டுவிடுங்கள், பஞ்சுதான் சரி.

கறுப்புப் புள்ளி, நாற்றம்: பூசணம். வைக்கோல் தூசியும் ஈரமும் சேர்ந்தால் வரும். அந்தப் பகுதியை அள்ளி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நான் ஈரப் பனியை ஐந்து நாளுக்கு மேல் வைப்பதில்லை. 24ஆம் தேதி ஒரு தடவை, 29ஆம் தேதி ஒரு தடவை, புது வருடத்துக்குப் பிறகு ஒரு தடவை.

## பனி உருண்டை பிடிக்க வரவில்லை, பிடித்தாலும் உதிர்கிறது

சமையல் சோடாவில் செய்யும் உருண்டைகளைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று கப் சோடாவுக்கு அரைக் கப் வெள்ளைத் தலைமுடி கண்டிஷனர் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் ஈரத்துக்கு அரைக் கப்பை முழுதாக ஊற்றாமல், கால் கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது நல்லது.

சோதனை: ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் திறந்து பாருங்கள். கொழுக்கட்டை மாவு மாதிரி விரல் தடத்தோடு நின்றால் பதம் சரி. திறந்ததும் விரிசல் விட்டு உதிர்ந்தால் கண்டிஷனர் இன்னும் ஒரு தேக்கரண்டி. கையில் ஒட்டிக்கொண்டு வந்தால் சோடா இன்னும் இரண்டு கரண்டி.

கலக்கும்போதே நுரைத்துப் பொங்குகிறதா? நீங்கள் வாங்கியது பேக்கிங் பவுடர். சமையல் சோடாவும் அதுவும் அலமாரியில் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் இருக்கும். பேக்கிங் பவுடரில் புளிப்பும் மாவும் சேர்ந்திருப்பதால் ஈரம் பட்டாலே பொங்கும். ஒரு சிட்டிகையில் ஒரு சொட்டு வெறும் தண்ணீர் விடுங்கள். நுரைத்தால் அதைக் கேக் செய்யக் கொடுத்துவிட்டு, மளிகைக் கடையில் சோடாவைக் கிலோ கணக்கில் வாங்குங்கள்.

முதல் நாள் நன்றாக இருந்து, மறுநாள் கல்லாகிவிட்டதா? இது கோளாறே இல்லை, சோடாவின் இயல்பு. பார்வைக்கு வைக்க அதுவே வசதி. பிள்ளைகள் விளையாட வேண்டும் என்றால் அன்றைக்கு அன்றே பிசைந்து கொடுங்கள், மீதியை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கல்லானதை எறிந்து விளையாட விடாதீர்கள், நெற்றி புடைக்கும். வீட்டில் நாய் இருந்தால் சோடா உருண்டையைத் தரையில் வைக்காதீர்கள். நிறையத் தின்றால் அதற்கு ஆபத்து.

எறிந்து விளையாடத்தான் உருண்டை வேண்டும் என்றால் சோடாவை மறந்துவிடுங்கள். வெள்ளை உல்லன் நூல் போதும். நான்கு விரலைச் சேர்த்து, நூலை நூறு நூற்றிருபது சுற்று சுற்றுங்கள். விரலிலிருந்து உருவி, நடுவில் வேறொரு நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் வளையங்களை வெட்டிவிட்டால் பந்து. உதிர்கிறது என்றால் நடுக்கட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டும்போது ஒரு ஆள் பிடிக்க, இன்னொரு ஆள் இழுத்து முடிய வேண்டும். தனியாகக் கட்டினால் எப்படியும் தளரும்.

## தொங்கவிட்ட பனி உருண்டை ஒவ்வொன்றாக விழுகிறது

கீழே விழுந்த உருண்டையைப் பாருங்கள். நூல் அதோடு வந்திருக்கிறதா, மேலேயே நிற்கிறதா?

நூலும் சேர்ந்து வந்திருந்தால் மேல்முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. நாம் தொங்கவிடுவது தங்கூசி நரம்பில், அதாவது நைலான் தூண்டில் நரம்பில். அது வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. மீன்பிடிக்கிற யாரிடமாவது ஒரு தூண்டில் முடிச்சு போடக் கற்றுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. எங்கள் ஊரில் அதற்கு ஆளா பஞ்சம்?

நரம்பு மேலேயே நின்று உருண்டை மட்டும் விழுந்திருந்தால், நரம்பைப் பஞ்சின் மேல்தோலில் மட்டும் கோர்த்திருக்கிறீர்கள். உள்ளே ஒரு நெஞ்சு வேண்டும். செய்தித்தாளை எலுமிச்சை அளவுக்குக் கசக்கி உருட்டி, அதன் குறுக்கே நரம்பைக் கட்டிவிட்டு, அதன் மேல் ஃபைபர் பஞ்சைச் சுற்றுங்கள். வெள்ளைத் தையல் நூலால் நாலு பக்கமும் ஓடவிடுங்கள். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து, உள்ளங்கையில் தடவிக்கொண்டு உருண்டையை லேசாக உருட்டினால் மேலே மெல்லிய தோல் பிடிக்கும், மயிர் எழும்பாது. காய ஒரு நாள் ஆகும், மழை நாளில் இரண்டு. காயாமல் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்திலேயே பேரிக்காய் மாதிரி இழுபடும்.

மருந்துக்கடைப் பஞ்சில் செய்த உருண்டை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும். வெளியில் தொங்கவிடுவதற்கு ஃபைபர்தான்.

## தெர்மாக்கோல் குருணை கையிலும் துணியிலும் ஒட்டுகிறது, பெயிண்ட் பட்டால் உருகுகிறது

இதைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். அலங்காரத்துக்கான தெர்மாக்கோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. புதிதாக வாங்காதீர்கள், வாங்கச் சொல்லியும் நான் எழுத மாட்டேன். டி.வி. பெட்டியில் வந்த பழைய அட்டை வீட்டில் கிடக்கிறது, அதை மலைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வைக்கிறேன் என்றால் இரண்டே விஷயம். ஸ்பிரே பெயிண்ட், தின்னர், பெட்ரோல் எது பட்டாலும் அது கரையும், ஃபெவிகாலும் தண்ணீர் கலந்த பெயிண்டும் மட்டும்தான் ஆகும். அப்புறம், அதைச் சுரண்டிக் குருணையாக்காதீர்கள். ஒரு காற்றடித்தால் தெருவெல்லாம் போய்ச் சாக்கடைக்குள் இறங்கும், திரும்ப அள்ளவே முடியாது.

## பனி மஞ்சளாகத் தெரிகிறது

உடனே பஞ்சை மாற்றாதீர்கள். முதலில் விளக்கை அணையுங்கள்.

அணைத்த பிறகு பகல் வெளிச்சத்தில் வெள்ளையாக இருந்தால் பனியில் குற்றமில்லை, பல்புதான் மஞ்சள். வார்ம் ஒயிட் எல்.இ.டி. சரம் போட்டால் எந்த வெள்ளையும் நெய் தடவின மாதிரிதான் தெரியும். தொழுவத்துக்குள் மட்டும் மஞ்சள் விளக்கு, வெளியே பனி மேல் கூல் ஒயிட் அல்லது லேசான நீல விளக்கு என்று பிரித்துவிடுங்கள். ராத்திரி நேரத்துப் பனி மாதிரியே இருக்கும். செலவு ஒரு சரம்தான்.

அணைத்தும் மஞ்சளாக இருந்தால், ஒரு துணுக்கை எடுத்து வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். மேலே மட்டும் மஞ்சள், புரட்டினால் வெள்ளை என்றால் அது தூசியும் ஊதுபத்திப் புகையும். புரட்டிப் போட்டுவிடலாம். உள்ளும் புறமும் மஞ்சள் என்றால் பழைய பஞ்சு அல்லது இலவம் பஞ்சு. ஃபைபர் பஞ்சாக இருந்தால் அலசிப் பார்க்கலாம். வாளித் தண்ணீரில் வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம் இரண்டு சொட்டு விட்டு, முக்கி எடுத்து நிழலில் காயப்போடுங்கள். ஸ்நோ பவுடருக்கும் இதே வித்தை செல்லும். ஊற்றுகிற தண்ணீரில் வாளிக்கு ஒரே ஒரு சொட்டு. மூன்று சொட்டு விட்டால் பனி பள்ளிச் சீருடை நிறத்துக்குப் போய்விடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

## எறும்பு, கரப்பான், எலி வருகிறது

பசையை முகர்ந்து பாருங்கள். மைதாப் பசையாக இருந்தால் காரணம் அதுதான். சோள மாவும் எண்ணெயும் கலந்து பனி செய்திருந்தாலும் அதே கதை. நாம் பனி போட்டதாக நினைக்கிறோம், எறும்புக்கு அது பந்தி.

பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் பழைய வழக்கம் உண்டு. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்வார்கள். குடிலுக்கு அது வேண்டாம். அது விஷம். குடிலில் கை வைக்காத குழந்தை உண்டா? போதாக்குறைக்குப் பனிக்கு ஒரு பச்சை நீலச் சாயலும் வரும். ஃபெவிகாலுக்கு மாறுங்கள். ஏற்கெனவே மைதாவில் ஒட்டியாகிவிட்டது என்றால் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுக்கலாம். எலி வந்துவிட்டால் முழுக்கப் பிரித்து ஒட்டுவதைத் தவிர வழியில்லை, ஏனென்றால் அது பசையோடு சீரியல் வயரையும் கடிக்கும். தெருக்குடிலில் வைக்கோலையும் பசை தடவின காகிதத்தையும் ஆடு வந்து மேய்ந்துவிட்டுப் போனால் அது கோளாறில் சேராது. தடுப்புக் கட்டவில்லை என்று அர்த்தம்.

## பஞ்சு பழுப்பாகிறது, கருகல் வாடை, தொட்டால் சுரீர் என்கிறது

மற்றக் கோளாறுகளில் பனிதான் கெடும். இதில் குடிலே போய்விடும். ஆகவே வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. ஈரக் கையோடு தொடாதீர்கள். சூடு ஆறியதும் பஞ்சை முழுக்க விலக்கி, பழுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பல்புக்கு நேர் மேலே பழுப்பு: பழைய அரிசி பல்பு அல்லது குண்டு பல்பு. அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுங்கள். எல்.இ.டி.க்கும் பஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பஞ்சுக்குள் பல்பைப் புதைத்தால் அழகாகத்தான் இருக்கும், எனக்கும் தெரியும். செய்யாதீர்கள்.

பல்பு இல்லாத இடத்தில் பழுப்பு: கீழே அடாப்டரோ இணைப்போ புதைந்திருக்கும். அடாப்டருக்குக் காற்று வேண்டும். அதைக் குடிலுக்கு வெளியே, தரையிலிருந்து உயர்த்தி, மழைச் சாரல் படாத இடத்தில் வையுங்கள். வயர் இணைப்பில் டேப் சுற்றியிருந்தால் பிரித்துப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் அந்தச் சரம் குப்பைக்கு.

மெழுகுவத்தி: பஞ்சுக் குடிலில் ஒன்றுகூட வேண்டாம். வேண்டுதலுக்கு ஏற்றுகிறவர்களுக்கு நான்கடி தள்ளி மணல் நிரப்பிய தட்டு வையுங்கள். வேண்டாம் என்று எழுதி வைத்தால் மட்டும் யாரும் கேட்கப்போவதில்லை, தட்டு வைத்தால் கேட்பார்கள். பக்கத்திலேயே ஒரு வாளி மணலும் இருக்கட்டும். எரிகிற மின்சாரத்தில் தண்ணீரை வீசக் கூடாது.

பஞ்சு தீப்பிடிப்பது புதுக் கவலை இல்லை. போன நூற்றாண்டின் முற்பாதியில், பஞ்சு ஆபத்து என்று சொல்லி, அமெரிக்காவில் தீப்பிடிக்காத பனி என்ற பெயரில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூளைப் பெட்டியில் அடைத்து விற்றார்கள். பிறகுதான் கல்நார் நுரையீரலை என்ன செய்யும் என்று எல்லோருக்கும் உறைத்தது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்: எம்.சி.பி. (மின்பெட்டியில் தானாக விழும் சுவிட்ச்) இரண்டாவது தடவை விழுந்தால். கம்பி வலையையோ இரும்புச் சட்டத்தையோ தொட்டபோது லேசாகவாவது சுரீர் என்றால். அடாப்டரைக் கையில் பிடிக்க முடியாத அளவு சூடென்றால். பந்தல் முழுக்க ஒரே பிளக்கிலிருந்து இழுத்திருந்தால். இந்த நான்கில் எதுவாக இருந்தாலும் அவர் வந்து பார்க்கும் வரை குடில் இருட்டாகவே கிடக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் மாவட்டமே மூழ்கியபோது நனைந்த சரங்களை, காய்ந்துவிட்டதே என்று சிலர் திரும்ப மாட்டினார்கள். வெளியே காய்ந்தது சரி, பிளக்குக்குள் சேறு அப்படியே இருந்தது.

## ஸ்நோ ஸ்பிரே ஒட்டவில்லை, வழிகிறது

கண்ணாடியோ சவுக்குக் கிளையோ ஈரமாக இருக்கும். துடைத்து, காயவைத்து, ஓரடி தள்ளி நின்று மெல்லிசாக அடியுங்கள். டப்பாவை அதற்கு முன் நன்றாகக் குலுக்குங்கள். பக்கத்தில் அடித்தால் வழியத்தான் செய்யும். பெரும்பாலான டப்பாக்களில் இருக்கும் வாயு தீப்பிடிக்கும், ஆகவே தீபமோ வத்தியோ எரியும்போது அடிக்கக் கூடாது. சொரூபத்தின் மேல் அடித்துவிட்டால் ஈரத்துணியால் தேய்க்காமல், காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

## வாடகை ஸ்நோ மெஷின் பனிக்குப் பதில் சோப்புக் குமிழி விடுகிறது

திரவத்தில் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள், அல்லது முன்னால் இருக்கும் துணி உறை அழுக்காகிவிட்டது. உறையைக் கழற்றி வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் திரவம் தீர்ந்திருக்கலாம், குழாய் மடங்கியிருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். இந்த மூன்றையும் பார்த்தும் மோட்டார் மட்டும் ரீங்கரித்தால் உடனே நிறுத்திவிட்டு, வாடகைக்குக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். திரவம் இல்லாமல் பம்ப் ஓடினால் எரிந்துவிடும், அந்தப் பணத்தை உங்களிடம்தான் கேட்பார். மேடை டைல்ஸ் தரை என்றால் சம்மனசு (தேவதூதர்) வேடம் போட்ட பிள்ளைகள் வழுக்கி விழும். கீழே சாக்கு விரியுங்கள்.

## குழந்தை பனியை வாயில் போட்டுவிட்டது

ஸ்நோ பவுடர் கண்ணில் பட்டால் தேய்க்காமல் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், எரிச்சல் நிற்கவில்லை என்றால் கண் மருத்துவர். உலர்ந்த பவுடரை விழுங்கினாலோ, பனி உருண்டை என்று சிலர் வைக்கிற தண்ணீர் முத்துக்களை விழுங்கினாலோ காத்திருக்காதீர்கள். வயிற்றுக்குள் உப்பிக் குடலை அடைக்கும். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக் குடிலுக்கு நான் பஞ்சைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை.

## குடிலைப் பிரித்த பிறகு குளியலறைத் தண்ணீர் போகவில்லை

பனியை வாளியில் அள்ளி யாரோ குளியலறையில் கொட்டியிருக்கிறார்கள். குழாய்க்குள் போனதும் அது இன்னும் தண்ணீரைக் குடித்து அடைத்துக்கொள்ளும். மேலே மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் கைக்கு எட்டுகிற பனியை அள்ளி வெளியே எடுங்கள். அப்புறம் அரைக் கிலோ கல் உப்பைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். குடிலில் நமக்கு எதிரியாக இருந்த அதே உப்பு இங்கே உதவும். பனி தளர்ந்து தண்ணீர் விடும். இரண்டு தடவை செய்தும் இறங்கவில்லை என்றால் பிளம்பர்தான். வந்தவுடன் உள்ளே இருப்பது ஸ்நோ பவுடர் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முடி அடைப்பு என்று நினைத்து ஆசிட்டைத்தான் முதலில் எடுப்பார்.